கயிறு பிடித்த மாசானம்

டபுள் கிளிக் செய்தால் திறக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் இருபத்து மூன்று வருடமாக இருந்த ஒப்பந்தம் அவ்வளவுதான். நான் எதைத் தட்டுகிறேனோ அதைத் திற, ஏன் தட்டினாய் என்று கேட்காதே. கேள்வி கேட்பதற்கு எனக்கு வீட்டில் மாமியார் இருக்கிறாள்.

‘வாசல்’ வந்த பிறகு அந்த ஒப்பந்தம் போயிற்று. இப்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடுவது வாசல்தான். வேறு எதையும் போட்டு ஓட்டினால் சட்டப்படி குற்றம். திரையில் எந்தச் செயலியைத் தட்டினாலும் தேன் தடவிய குரலில் ஒரு பெண் கேட்பாள்: “எதற்காகத் திறக்கிறீர்கள்?” காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு நொடி யோசிப்பாள். பிறகு திறப்பாள். எதைத் திறப்பாள் என்பதுதான் விஷயம்.

என் பெயர் செண்பகவல்லி. கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்வரிசையில் ‘செண்பகம் கம்ப்யூட்டர்ஸ்’ என்று கடை வைத்து மனு அடித்துக் கொடுக்கிறேன். எந்த மாவட்டம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னொரு நோட்டீஸ் வரும், வந்ததற்கே இன்னும் பதில் எழுதி முடியவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், அன்றைக்கு முழுக்க மனு. மற்ற நாட்களில் கல்யாணப் பத்திரிகை, சடங்கு வீட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று பிழைப்பு ஓடுகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாசல் வந்தபோது கைதட்டினவர்களில் நானும் ஒருத்தி. அப்போது ஊர் முழுக்க மோசடிச் செயலிகள். போலீஸ் வேஷத்தில் வீடியோவில் வந்து மிரட்டுகிறான் என்று பயந்து எங்கள் தெரு ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் கிணற்றில் விழுந்தார். செயலியைத் திறக்கும் முன்னால் ஒரு வார்த்தை யாராவது கேட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று எல்லோரும் பேசினோம். கேட்பதற்கு ஒன்று வந்தது. முதல் மாதம் எல்லோரும் காரணம் கேட்டால் “சும்மா” என்றுதான் சொன்னோம். அதுவும் திறந்தது. அடுத்த அப்டேட்டில் ‘சும்மா’ செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் பூங்கனி வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். தலை வாரவில்லை, சேலை கசங்கியிருந்தது, ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மடித்த காகிதம் ஒன்றைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“யக்கா, ஒரு மனு அடிக்கணும். எம்புருசன் சனிக்கெழமை செத்துட்டாரு. மதியம் ரெண்டு மணிக்குள்ள கலெக்டர் பாக்கணும்.”

விஷயம் இதுதான். புருஷன் சுடலைமுத்து, தொழிற்பேட்டையில் சாயப்பொடி கம்பெனியில் வேலை. சனிக்கிழமை காலை கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய உள்ளே இறக்கியிருக்கிறார்கள். முகமூடி கிடையாது, ஒன்றும் கிடையாது. பிணமாகத்தான் தூக்கினார்கள். மாரடைப்பு என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். உடம்பை அறுத்துப் பார்க்கவே இல்லை. ஸ்டேஷனில் போய்ச் சொன்னால், டாக்டர் எழுதியாயிற்று, கலெக்டர் உத்தரவு போட்டால் பார்க்கலாம் என்கிறார்கள். உடலை வாங்க மாட்டேன் என்று இவள் பிணவறை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் புருஷனின் அண்ணன் வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டான். அவன் மகனுக்குக் கம்பெனியில் வேலை போட்டுத் தருகிறார்களாம். இரண்டு மணிக்கு வண்டி வரும். நேராகச் சுடுகாடு.

“எரிச்சிட்டாங்கன்னா என்னன்னு செத்தாருன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாதுக்கா. எம்மக வளந்து கேட்டா நான் என்ன சொல்ல?”

கையால் எழுதிய மனுவைக் கலெக்டர் ஆபீஸில் வாங்குவதில்லை. வாசலில் அடித்து, அடியில் வாசலின் முத்திரை விழுந்த காகிதத்தைத்தான் ஜன்னலில் பதிந்து டோக்கன் கொடுப்பார்கள். டோக்கன் இருந்தால்தான் கலெக்டர் உட்கார்ந்திருக்கும் ஹாலுக்குள் நுழைய முடியும். ஒரு மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள்.

மனுச் செயலியைத் தட்டினேன். “எதற்காகத் திறக்கிறீர்கள்?” என்றாள். கேட்பது யார் என்று வாசலுக்குத் தெரிய ரேகைக் கருவியில் பூங்கனியின் விரலை வைத்து, அவள் வாயாலேயே விவரத்தைச் சொல்லவைத்தேன். ஒரு நொடி யோசித்தது. “உங்கள் இழப்பிற்கு வருந்துகிறோம்” என்றது. மனுச் செயலி திறக்கவில்லை. ‘ஆறுதல்’ என்று வேறொன்று திறந்தது. திரை முழுக்க ஓர் ஆறு ஓடியது, புல்லாங்குழல் வாசித்தது. “கண்களை மூடுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்” என்றாள் அந்தத் தேன்குரலி.

பூங்கனி திரையையே பார்த்தாள். “மூச்சு கெடைக்காமச் செத்தது எம்புருசன். எனக்கு எதுக்குக்கா சொல்லிக் குடுக்குது?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதை மூடிவிட்டு மறுபடியும் தட்டினேன், வேறு வார்த்தையில் காரணம் சொன்னேன். ஈமச்சடங்கு உதவி விண்ணப்பம் திறந்தது. மூன்றாம் முறை தட்டினேன். விதவைச் சான்று விண்ணப்பம், பேர் ஊர் எல்லாம் அதுவாகவே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் கட்டம் விட்டு வைத்திருந்தது. அடி செருப்பால என்று வாய்விட்டே சொன்னேன். கடைக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஏன்க்கா திறக்க மாட்டேங்குது?”

“அது முடியாதுன்னு சொல்லாதும்மா. சொன்னா நாம சண்டைக்குப் போவோம்லா? அதனால கேட்டத விட்டுட்டு வேற ஒண்ணத் திறந்துவிடும். உன்னைய மாதிரி இதுக்கு முன்னால மனு குடுத்தவங்க கதையெல்லாம் அதுக்கிட்ட இருக்கு. யாருக்கு என்ன கெடச்சது, எத்தனை வருசம் அலைஞ்சாங்க, எல்லாம். அதப் பாத்து, இந்த மனுவால உனக்கு நல்லது நடக்குமா நடக்காதான்னு பாக்கும். நடக்காதுன்னு தோணிட்டா உன் மனசு நோகக் கூடாதுன்னு வேற பக்கம் கூட்டிட்டுப் போயிரும். உன் நல்லதுக்குத்தானாம்.”

பூங்கனி சொன்னாள்: “தோத்தவங்க கதையக் காட்டி என்னையும் தோத்துப் போகச் சொல்லுது. அப்படித்தானக்கா?”

வாசல் வந்து மூன்று வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

“கூட வேலை பாத்தவங்க யாராவது கையெழுத்துப் போடுவாங்களா? சாட்சி இருந்தா வேற மாதிரி கேட்டுப் பாக்கலாம்” என்றேன்.

“நேத்துச் சாயங்காலம் எங்கப்பாவப் பிணவறை வாசல்ல உக்கார வச்சிட்டு வீடு வீடா ஏறி எறங்கினேன். ஒருத்தரும் வரல. மாசானம் அண்ணாச்சி வீட்ல கதவே திறக்கல. உள்ள டிவி ஓடுது, கதவு திறக்கல.”

மணி பத்தைத் தாண்டியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவர் முழுக்க நான் அடித்த போஸ்டர்களின் மாதிரிகள். ‘கண்ணீர் அஞ்சலி’, ‘இதய அஞ்சலி’, ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மூன்று வருடத்தில் வாசல் எதை எதையோ மறித்திருக்கிறது, செத்தவர்களுக்குப் போஸ்டர் அடிப்பதை மட்டும் ஒருநாளும் மறித்ததில்லை. அதில் நன்மை தீமை என்று யோசிக்க என்ன இருக்கிறது? அதை அச்சடித்தாலும் அடியில் அதே முத்திரைதான் விழும். ஜன்னலில் பார்ப்பது முத்திரையைத்தானே தவிர மேலே இருப்பது மனுவா மாங்காயா என்பதை இல்லை.

படம் போடும் செயலியைத் தட்டினேன். “எதற்காகத் திறக்கிறீர்கள்?”

“கண்ணீர் அஞ்சலி போஸ்டர். செத்தவர் பேர் சுடலைமுத்து.”

உடனே திறந்தது. கறுப்புக் கரை, இரண்டு பக்கம் குத்துவிளக்கு, நடுவில் போட்டோவுக்கு இடம் என்று எல்லாம் தயாராக நின்றது.

பூங்கனி போனிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தாள். கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்தது. சிவப்புச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, எவனோ பக்கத்தில் நின்று சொன்ன ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தான் மனுஷன். அதை ஒட்டிவிட்டுக் கேட்டேன்:

“இறைவனடி சேர்ந்தார்னு போடவா, இயற்கை எய்தினார்னு போடவா?”

வாய் தவறி, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டுவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவர் இயற்கை எய்தலையேக்கா. தொட்டிக்குள்ள எறக்கிவிட்டாங்க. அப்படியே போடு.”

அப்படியே போட்டேன். ‘சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு முகமூடி இல்லாமல் கழிவுத் தொட்டிக்குள் இறக்கப்பட்டு உயிரிழந்தார்’. அதற்குக் கீழே, ‘மாரடைப்பு என்று சொல்லி எரிக்கும் முன் உடலைப் பரிசோதிக்க மாவட்ட ஆட்சியர் அவர்களைக் கண்ணீருடன் வேண்டுகிறோம்’. வருந்துவோர் என்று அவள், மகள், அவளுடைய அப்பா, சொந்தத்தில் ஏழெட்டுப் பேர். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்களில் மூன்று பேரையும் சேர்க்கச் சொன்னாள். கதவைத் திறக்காத மாசானம் பேரைச் சொல்லவில்லை.

“அவங்ககிட்டக் கேக்காமப் போடலாமாட்டி?” என்றேன்.

“போஸ்டர்ல பேரு போட யாராவது கேப்பாங்களா?”

அது சரிதான். எங்கள் ஊரில் போஸ்டரில் பேர் போட்டால் யாரும் கோபிப்பதில்லை. விட்டால்தான் கோபம். தாய்மாமன் பேரைச் சித்தப்பா பேருக்குக் கீழே போட்டதற்காகக் கல்யாண மண்டபத்தில் பேனரைக் கிழித்த கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். என் கடைக்கு வந்த சண்டைகளில் முக்கால்வாசி அந்த ரகம்தான். அதனால் எதை அடித்தாலும் முதலில் ஒரு படத்தைச் சொந்தபந்தங்களுக்கு அனுப்பி, யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குப் போவேன். அன்றைக்கும் பூங்கனி அந்தப் படத்தைப் புருஷனின் போனிலிருந்து அவனுடைய கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். பழக்கம், வேறு ஒன்றுமில்லை. நாங்கள் ஏதோ திட்டம் போட்டு அனுப்பினோம் என்று பிற்பாடு வாசல் கம்பெனி நோட்டீஸில் எழுதினார்கள். அவ்வளவு மூளை இருந்திருந்தால் நான் ஏன் மனு அடித்துக்கொண்டிருக்கிறேன்?

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கம்பெனிச் சட்டையோடு ஒரு ஆள் பைக்கைக் கீழே போடாத குறையாகச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். ஐம்பது வயது, கட்டுமஸ்தான உடம்பு. முகம் சிவந்திருந்தது.

“எம்பேரு எங்க?”

பூங்கனி எழுந்து நின்றாள். “மாசானம் அண்ணாச்சி...”

“அந்தக் காஜா மைதீன் வந்து ஆறு மாசம் ஆகல, அவன் பேரு இருக்கு. நான் பதினோரு வருசம் சுடலகூட ஒரே தூக்குச்சட்டில சாப்பிட்டவன். எம்பேரு இல்லாமப் போஸ்டரா? நாளைக்கு நான் தெருவுல எப்படித் தலை நிமிந்து நடக்க?”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “நேத்துக் கையெழுத்துக் கேட்டு வந்தப்போ கதவத் திறக்கலயாமே அண்ணாச்சி? இப்ப மட்டும் வேகமா வாரீயளே?”

“அது மனு. மனுவுல பேரு போட்டா வேலை போயிரும். இது அஞ்சலி. சேக்காளி செத்ததுக்கு அழக் கூடாதுன்னு எவனாவது சொல்ல முடியுமா?”

“அப்ப சொல்லுங்க, என்னன்னு போட? நண்பர்னு போடவா?”

“நண்பர்னு போடு.”

பூங்கனி குறுக்கே பேசினாள். சத்தமே இல்லாமல் பேசினாள். “நண்பர் ஊரெல்லாம் இருக்காங்க அண்ணாச்சி. அவரத் தொட்டிக்குள்ள எறக்கினப்ப மேல நின்னு கயிறு புடிச்சவரு நீங்க இல்லையா?”

மாசானம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். உள்ளங்கையில் கயிறு அறுத்த காயம் குறுக்கே ஓடியது, மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார்.

“புடிச்சேன்” என்றார். “ரெண்டு நிமிசத்துல கயிறு அசையல. சுடல சுடலன்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. மேனேஜர்ட்ட ஓடிச் சொன்னேன். மீட்டிங்ல இருக்கேன், பத்து நிமிசத்துல வாரேன்னாரு. நானே இழுத்தேன். வரல. தனியாளா எப்படி வரும்?” சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். “போடும்மா. கயிறு பிடித்த மாசானம்னே போடு. போகிற வேலை போகட்டும்.”

போட்டேன். திருத்திய படத்தைக் குழுவில் அவரே அனுப்பினார். அதற்குப் பிறகு நடந்ததை நான் என்னவென்று சொல்ல? மாசானத்துக்கு மட்டும் பேருக்கு முன்னால் அடைமொழி, எங்களுக்கு வெறும் பேரா என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே கம்பெனி கேட்டைத் தாண்டி வந்தார்கள். அழுதுகொண்டே சண்டை போட்டார்கள். “நான்தான தோள்ல தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், எனக்கு என்னன்னு போட்டிருக்க?” என்று ஒருவர். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ‘ஈரத்துணி கட்டிக்கொண்டு உள்ளே இறங்கித் தூக்கிய இசக்கிமுத்து’. ‘ஆம்புலன்ஸுக்கு நான்கு முறை போன் செய்த காஜா மைதீன்’. ‘முகமூடி கேட்டு ஆறு மாதமாக எழுதிக் கொடுத்த அந்தோணிராஜ்’. ‘போன வருடம் இதே தொட்டியில் மயங்கி விழுந்து பிழைத்த வேலம்மாள்’. பன்னிரண்டரை மணிக்கு எண்ணிப் பார்த்தால் கம்பெனி ஆட்கள் மட்டும் பதினான்கு பேர். சொந்தக்காரர்களின் எழுத்தைச் சிறிதாக்கித்தான் இடம் பிடிக்க முடிந்தது.

அச்சுக்கு அனுப்பினேன். அச்சும் ஒரு செயலிதானே, அதுவும் கேட்டது. “எதற்காகத் திறக்கிறீர்கள்?”

உள்ளே இருக்கிற எழுத்தையெல்லாம் அது படிக்கும் என்று எனக்குத் தெரியும். கடைக்குள் பதினான்கு பேரும் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். பூங்கனி என்னை விலக்கிவிட்டு மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“எம்புருசன் எப்படிச் செத்தாருன்னு ஊருக்குத் தெரியணும். அதுக்குத்தான்.”

பொய் சொல்லித் தொலையக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனேன். ஒரு நொடி ஆயிற்று. இரண்டு நொடி ஆயிற்று. பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

ஜன்னலில் இருந்த கிளார்க் தாமோதரன் போஸ்டரை விரித்துவிட்டு விழித்தார். “என்னம்மா செண்பகம், இது கண்ணீர் அஞ்சலில்லா?”

“முத்திரை இருக்கா இல்லையா சார்?”

“இருக்கு.”

“அப்பப் பதிங்க. மணி பன்னண்டு ஐம்பது.”

எனக்குப் பின்னால் நின்ற கூட்டத்தை அவர் பார்த்தார். சாயப்பொடி படிந்த சட்டைகள், நீலமும் சிவப்புமாக விரல்கள். பதிந்து, போஸ்டரில் பேர் இருந்த கம்பெனி ஆட்களுக்கும் சேர்த்து டோக்கன் கொடுத்தார். ஹாலுக்குள் நான் போகவில்லை, எனக்கு டோக்கன் கிடையாது. மாசானம் வந்து சொன்னதுதான். கலெக்டரம்மா போஸ்டரை முழுக்கப் படித்தாராம். “இதில் கயிறு பிடித்த மாசானம் யார்?” என்று கேட்டாராம். இவர் முன்னால் போய்க் கையை விரித்துக் காட்டியிருக்கிறார். அடுத்து இசக்கிமுத்து, அடுத்து வேலம்மாள். போஸ்டரில் இருந்த வரிசைப்படியே பேசியிருக்கிறார்கள். ஒன்று இருபதுக்கு உத்தரவு வந்தது. வீடியோ எடுத்து உடற்கூறு செய்ய வேண்டும், அதுவரை உடலை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இரண்டு மணிக்கு வந்த வண்டி வெறும் வண்டியாகத் திரும்பிப் போயிற்று.

எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. நுரையீரலில் விஷவாயு. வழக்குப் பதிந்து மேனேஜரைக் கூட்டிப் போனார்கள். பூங்கனி அதற்குப் பிறகுதான் உடலை வாங்கினாள். அன்றைக்குத்தான் அழுதாள். மாரில் அறைந்து அறைந்து, தெருவே கேட்க அழுதாள். நானும் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

அதற்கு மறுநாள் காலை என் கம்ப்யூட்டர் எனக்கு எதையும் திறக்கவில்லை. என்ன காரணம் சொன்னாலும் ஆறு ஓடியது, புல்லாங்குழல் வாசித்தது. பக்கத்துக் கடையில் போய் விரலை வைத்தேன், அங்கேயும் அதே ஆறு. என் விரலுக்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை வாசல் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தான். நவநீதன் என்று பேர். இருபத்தெட்டு வயதிருக்கும், சென்னைப் பேச்சு, பார்க்க நல்ல பிள்ளைதான். கடைக்கு வெளியே மனுக்காரர்கள் வழக்கம்போல வரிசையில் நின்றார்கள். என்னால் அடிக்க முடியாது என்று சொல்லியும் போகாமல் நின்றார்கள். அவன் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தான்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. இன்னிக்கே உங்களுக்கு எல்லாம் திறந்துடும்.”

படித்தேன். ‘அஞ்சலி என்ற பொய்யான நோக்கத்தைச் சொல்லி வாசலை ஏமாற்றினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.’

“என்ன தம்பி பொய்? செத்தது பொய்யா, அழுதது பொய்யா?”

“ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா.”

“ஃபார்மாலிட்டிக்கு நீங்க சென்னையில இருந்து பஸ் ஏறி வருவீங்களா? உள்ளதச் சொல்லுங்க.”

அவனுக்குப் பொய் வரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தான். நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

“வாசல் ஏமாறலம்மா. அதோட பதிவைப் பாத்தோம். பதினொண்ணே முக்காலுக்கே, இது போஸ்டர் இல்ல, மனுன்னு அது குறிச்சு வெச்சிருக்கு.”

“தெரிஞ்சேவா அச்சடிச்சது?”

“ஆமா. காலையில அந்தம்மா தனியாக் கேட்டப்போ, இந்த மனு ஜெயிக்கிற வாய்ப்பு நூத்துக்கு மூணுன்னு வந்திருக்கு. அதான் திறக்கல. மதியம் பதினாலு பேர் சேந்தப்போ எழுபத்தொண்ணு. பாதிக்கு மேல போனா எதா இருந்தாலும் திறக்கணும்ங்கிறது அதோட விதி. நாங்க எழுதினதுதான்.”

“அப்ப என்னைய ஏன் ஏமாத்தினேன்னு எழுதச் சொல்லுதீங்க?”

“நீங்க ஏமாத்தினதுன்னா ஒருத்தர் தப்போட முடிஞ்சிடும். பதினாலு பேர் சேந்ததால அதுவே திறந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா எல்லாரும் கூட்டம் கூட்டமா வருவாங்கம்மா. எல்லாத்துக்கும் அது திறந்துடும். அப்புறம் எந்த அரசாங்கம் அதை எங்ககிட்ட வாங்கும்?”

எனக்குக் கோபம் வரவில்லை, அதற்கு முன்னால் வேறொன்று ஞாபகம் வந்தது. போன சித்திரையில் ஒரே ஊரிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று பன்னிரண்டு பேர் என் கடைக்கு வந்தார்கள். ஒரே குழாய், ஒரே புகார். வரிசையில் வாங்க, தள்ளாதீங்க, ஒருத்தர் ஒருத்தரா வாங்க என்று நான்தான் சத்தம் போட்டேன். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, தனித்தனியாக விரல் வைக்கச் சொல்லி, பன்னிரண்டு பேருக்கும் ஆறும் புல்லாங்குழலும் காட்டித் திருப்பி அனுப்பினேன். மூன்று வருடமாக இதைத்தான் செய்திருக்கிறேன். கதவை மூடியது வாசல் என்று நினைத்தேன், ஆளைப் பிரித்து அனுப்பியவள் நான்.

காகிதத்தை அவனிடமே நீட்டினேன். “போட மாட்டேன்.”

“உங்களுக்கு இனிமே எந்தக் கம்ப்யூட்டரும் திறக்காதும்மா. எங்கயும். யோசிச்சுக்கங்க.”

“எனக்குத் திறக்க வேண்டாம். பக்கத்துக் கடையில அருள்தாஸுக்குத் திறக்குதுல்ல, அவன் அடிப்பான். எனக்கு வேற வேலை இருக்கு.”

“இத வெளிய சொல்லிடாதீங்கம்மா, ப்ளீஸ். என் வேலை போயிடும்.”

“உங்க பேரச் சொல்ல மாட்டேன் தம்பி. வாசல் பேரச் சொல்லுவேன்.”

வெளியே வந்தேன். வரிசையில் இருபது இருபத்தைந்து பேர், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்ற அம்மாள் என்னைப் பார்த்ததும் மனு விவரம் எழுதிய காகிதத்தை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

“இதக் கையில வச்சுக்கங்கம்மா. மொதல்ல அப்படியே திரும்பி, உங்களுக்குப் பின்னால நிக்கிறவங்ககிட்டக் கேளுங்க, என்ன குறைன்னு” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் திரும்பினாள். பின்னால் நின்ற பெரியவரிடம் கூச்சத்தோடு கேட்டாள்: “அண்ணாச்சி, நீங்க என்ன மனு?”

“ரேசன் கடை ரெண்டு மாசமாத் திறக்கல தாயி.”

“எந்தக் கடை? மேலத் தெருக் கடையா?”

“ஆமா.”

“எனக்கும் அதான்.”

வரிசையின் நடுவிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். அதற்குப் பின்னால் இரண்டு பேர் தூக்கினார்கள்.